மூத்த மகளிடம் கேட்டீர்களா? – மிஷனெரித் தம்பதியரின் வீடும் ஊழியமும் பற்றிய கேள்விக்கு விளக்கம்

நேயர்கள் அனைவருக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து என் அன்பான வணக்கம். இந்த வாரச் சந்தேகங்களுக்கு விளக்கம் பகுதிக்குப் பல கேள்விகள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றை மட்டுமே இன்று எடுத்துக்கொள்கிறேன். மற்ற கேள்விகளை அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தக் கேள்வி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த நாள் முதல் என்னைத் தூங்கவிடவில்லை.

கெடா மாநிலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் பாலர் பள்ளி ஆசிரியை, அவருடைய கணவர் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளர். கம்போடியாவில் ஒரு கிராமப்புறப் பள்ளியையும் அதனை ஒட்டிய சிறு மருந்தகத்தையும் இரண்டாண்டுகளுக்கு நடத்தித் தருமாறு அவர்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது. வீட்டில் எழுபது வயதைக் கடந்த மாமியார் இருக்கிறார். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மகளும், அடுத்த ஆண்டு பள்ளியில் சேரவிருக்கும் மகனும் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வந்து பார்ப்பது என்பது அவர்களுடைய ஏற்பாடு. "வீட்டையும் வெளிநாட்டு ஊழியத்தையும் எப்படி ஐயா சமமாகத் தூக்கிச் செல்வது? சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று உறவினர்கள் வசனம் காட்டுகிறார்கள். தகப்பனையும் தாயையும் பிள்ளையையும் என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று சபையில் வசனம் காட்டுகிறார்கள். நாங்கள் நடுவில் நிற்கிறோம்" என்று கேட்கிறார்.

கேள்வி இதுதான். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது அவர் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி. "மூத்தவளைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை ஐயா. அவள் மிகவும் பக்குவமானவள். போய் வாருங்கள் அம்மா, தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள்." அந்தப் பிள்ளைக்கு வயது பதினொன்று.

வசனங்களைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. இரண்டும் வேதத்தில் இருக்கின்றன, இரண்டும் உண்மை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது விதவைகளையும் முதியோரையும் குடும்பத்தார் கைவிட்டுவிடக் கூடாது என்பதற்காக. இயேசு சொன்னது, தம்மைப் பின்பற்றுவதால் வீட்டுக்குள்ளேயே எதிர்ப்பு எழும்போது மனம் தளரக் கூடாது என்பதற்காக. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடிப்பதற்கு இவற்றில் எதுவும் எழுதப்படவில்லை. வசனத்தைத் தராசுக் கல்லாக்கி வீட்டை ஒரு தட்டிலும் ஊழியத்தை மறு தட்டிலும் வைத்து நிறுக்கத் தொடங்கிவிட்டால், முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தம்பதியர் குற்றவாளிகளாகவே நிற்பார்கள்.

சுங்கை பூலோவைப் பற்றி நான் முன்பு பேசிய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு டாக்டர் பால் பிராண்டைத் தெரிந்திருக்கும். 1930-இல் திறக்கப்பட்ட அந்தத் தொழுநோயாளர் குடியிருப்பைப் பற்றிச் சொல்லும்போது, வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய மருத்துவர் என்று அவரைக் குறிப்பிட்டேன். இன்று அவருடைய அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசும் முன்பு அவருடைய வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். சகோதரி கேட்ட கேள்வியைத் தம் உடம்பிலேயே சுமந்த குடும்பம் அது. அவர்கள் சுமந்த இடமும் நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த அதே தமிழ் நிலம்தான்.

அவருடைய பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் இங்கிலாந்திலிருந்து வந்து கொல்லிமலையில் குடியேறியவர்கள். மலைக்காய்ச்சல் மிகுந்த அந்த ஊரில் ஜெஸ்ஸி பல் பிடுங்கினார், நரம்புச் சிலந்திப் புழுவைப் புண்ணிலிருந்து பொறுமையாக இழுத்து எடுத்தார், பள்ளி கட்டினார். பால் 1914-இல் பிறந்தார், தங்கை கோனி மூன்றாண்டுகள் கழித்துப் பிறந்தார். மரத்தில் ஏறிக்கொண்டும் மலைப்பிள்ளைகளோடு திரிந்துகொண்டும் இருவரும் வளர்ந்தார்கள். 1923-இல், பாலுக்கு ஒன்பது வயதானபோது, படிப்புக்காக இருவரையும் லண்டனில் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அம்மாவின் திருமணமாகாத சகோதரிகள் இருவர் அந்த வீட்டில் பிள்ளைகளை வளர்த்தார்கள். அக்காலத்தில் மிஷனெரிக் குடும்பங்களில் இது வழக்கமாகவே இருந்தது. பிள்ளைகளை இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பாமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்காகத்தான் 1901-இல் கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கேயும் பிரிவு இருந்தது. கடல் மட்டும்தான் இடையில் இல்லை.

அப்பா மலையிலிருந்து கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். மரங்களைப் பற்றியும் பூச்சிகளைப் பற்றியும் தாம் நடந்த பாதைகளைப் பற்றியும் மகனுக்கு எழுதினார். கடிதம் கப்பலில் வந்து சேரப் பல வாரங்கள் ஆகும். 1929 ஜூன் மாதத்தில், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. தந்தி உடனே லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. கடிதங்களோ அதன் பிறகுதான் வந்தன. அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, பதினான்கு வயதுப் பையன் அப்பாவின் கையெழுத்தில், உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதத்தை உறை கிழித்துப் படித்திருக்கிறான். அந்த உறையை அவன் எப்படிப் பிரித்திருப்பான் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அம்மா இங்கிலாந்துக்கு வந்தபோது இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. தன் நினைவில் உயரமும் அழகுமாக இருந்த அம்மாவை எதிர்பார்த்துச் சென்றவனுக்கு முன்னால், துயரத்தால் குறுகிப்போன ஒரு சிறிய பெண்மணி வந்து நின்றார். இவர்தான் என் அம்மாவா என்று தன்னையே கேட்டுக்கொண்டதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதைச் சொல்வதால் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் தவறு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்கிறேன் என எண்ண வேண்டாம். அவர்கள் மலைமக்களுக்குச் செய்ததன் பெருமை குறையவே குறையாது. அந்தப் பையனே பின்னாளில் தமிழகத்துக்குத் திரும்பி வந்தான், பெற்றோரை வெறுக்கவில்லை. ஆனால் அவன் வெறுக்கவில்லை என்பதைக் காட்டி அவனுக்கு வலிக்கவில்லை என்று நாம் சாதித்துவிடக் கூடாது.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பழைய நேயர்கள் இதைக் கேட்டிருப்பார்கள், ஆயினும் இந்தக் கேள்விக்கு இது மிகவும் தேவை. நான் இந்த வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். என் அம்மா பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறுவதற்கு முன்பு, மரம் குளிர்ந்திருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும் என்பதால், விடியுமுன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போக வேண்டும். அதற்கு முன்பே தூக்கக் கலக்கத்தில் இருக்கும் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விடுவார். வரிசையாகத் தொங்கும் தூளிகளில் கைக்குழந்தைகள் கிடப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் பாயில் கிடப்போம். விட்டுவிட்டுப் போகும்போது அம்மா என்னை எழுப்பி, "பால் நிறுத்துவிட்டு வந்துவிடுவேன்" என்று சொல்வார். தினமும் அதே சொற்கள். நிறுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனால் பால் வாளிகளின் சத்தம், பாலை நிறுக்கும் ஸ்டோர்ப் பக்கம் கேட்கத் தொடங்கினால் அம்மா வந்துவிடுவார் என்பது தெரியும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன், அழமாட்டேன்.

ஒருநாள் நான் நன்றாக உறங்குகிறேன் என்று இரக்கப்பட்டு, என்னை எழுப்பாமலேயே அம்மா போய்விட்டார். அன்று நான் பசியாறவில்லை. ஆயா மடியில் வைத்துக்கொண்டு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிப் பார்த்தும் பயனில்லை. வாளிச் சத்தம் கேட்டபோதுகூட நான் நம்பவில்லை, சொல்லாமல் போனவர் திரும்பி வருவார் என்பதற்கு என்ன உறுதி? அதன் பிறகு அம்மா ஒருநாளும் எழுப்பாமல் போனதில்லை. அம்மா வேலைக்குப் போனது எனக்குத் துயரமாக இருந்ததில்லை. எனக்குச் சொல்லாமல் போனதுதான் இந்த அறுபத்தெட்டு வயதிலும் நினைவில் நிற்கிறது.

ஆகவே சகோதரியே, போவதா இருப்பதா என்பது முதற்கேள்வி அன்று. யாரிடம் கேட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதே முதற்கேள்வி. கேட்பது என்றால் அறிவிப்பதன்று. எதிரே இருப்பவர் வேண்டாம் என்று சொல்வதற்கும், அவர் சொன்னால் நீங்கள் நிற்பதற்கும் இடம் வைத்துக் கேட்பதுதான் கேட்பது.

வில்லியம் கேரியை நம் சபைகளில் அறியாதவர் இல்லை. நவீன மிஷனெரிப் பணியின் தந்தை என்று ஆண்டுதோறும் மேடைகளில் கொண்டாடுகிறோம். 1793-இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது மனைவி டோரதி வர மறுத்தார். கர்ப்பிணியாக இருந்த பெண், தம் ஊரை விட்டு வெகுதூரம் போயிராத பெண், எழுதப் படிக்கவும் தெரியாமல் திருமணமானவர். கப்பல் தாமதமானதால் கேரியின் தரப்பினர் மறுபடியும் வந்து வற்புறுத்தினார்கள். தங்கை துணைக்கு வந்தால் வருகிறேன் என்று டோரதி இணங்கினார். இணங்கினார் என்று நாம் ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். வங்காளத்தில் அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். அந்தத் தாயின் மனம் அதன் பிறகு நிலைகுலைந்து, கடைசிவரை தேறவில்லை. 1801-இல் கேரியின் வங்காளப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதே ஆண்டுகளில் அதே வீட்டில் டோரதி அறைக்குள் அடைத்துவைக்கப்படும் நிலையில் இருந்தார். 1807-இல் செராம்பூரில் காலமானார். கேரியின் பிள்ளைகளுக்குத் தாயாக நின்று அவர்களைத் திருத்தி வளர்த்தவர் உடன் ஊழியரின் மனைவியான ஹன்னா மார்ஷ்மன். கேரியின் உழைப்பை நான் மதிக்கிறேன், மதிப்பதால்தான் சொல்கிறேன்: டோரதி முதலில் சொன்ன "வேண்டாம்" என்ற ஒரு சொல்லை அன்று யாரும் நின்று கேட்கவில்லை. நாமும் அந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

இப்போது அந்தப் பக்குவமான மூத்த மகளிடம் வருகிறேன். அவளுக்காகத்தான் மீண்டும் டாக்டர் பிராண்டின் மருத்துவமனைக்குள் போக வேண்டியிருக்கிறது.

தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்றுதான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அது அப்படியன்று, நரம்பு செத்து வலியுணர்வு போய்விடுவதால் நோயாளி தம்மையறியாமல் தம் கையைத் தாமே சேதப்படுத்திக்கொள்கிறார் என்பதை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் டாக்டர் பிராண்ட். ஒருநாள் அவர் ஒரு சேமிப்பறையின் துருப்பிடித்த பூட்டைத் திறக்க முயன்றார், சாவி திரும்பவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பையன், மெலிந்த நோயாளிப் பையன், "நான் திறக்கிறேன்" என்று வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். இவ்வளவு பலம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று வியந்தவர் கீழே பார்த்தார். தரையில் இரத்தத் துளிகள். பையனின் விரலைப் பிடித்துப் பார்த்தால், சாவி எலும்பு தெரியுமளவுக்குச் சதையை அறுத்திருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. அவன் பலசாலி என்பதன்று அதன் பொருள். நமக்கெல்லாம் வலி வந்து கையை நிறுத்தும் இடத்தில் அவனுக்கு நிறுத்துவார் யாரும் இல்லை.

"போய் வாருங்கள் அம்மா, தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வரியைப் படித்தபோது எனக்கு அந்தச் சாவிதான் நினைவுக்கு வந்தது. பெரியவர்கள் திருப்ப முடியாத பூட்டை ஒரு பிள்ளை எளிதாகத் திருப்பினால், முதலில் அந்தப் பிள்ளையின் விரலைப் பார்க்க வேண்டும்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதை இன்னும் வலியுறுத்திச் சொல்வேன். என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய அப்பா சிங்கப்பூரில் வேலை செய்தார், மாதம் ஒருமுறை வருவார். எப்போது கேட்டாலும் "நல்லா இருக்கேன் சார்" என்பான். வீட்டுப்பாடம் தவறாது, சட்டை அழுக்காகாது. ஓய்வு நேரத்தில் அவன் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே போவதில்லை என்பதைப் பல மாதங்கள் கழித்துத்தான் கவனித்தேன். பசியாறுவதற்குப் பாட்டி கொடுத்த ஒரு வெள்ளியை அவன் நாள்தோறும் சேர்த்துவைத்திருக்கிறான். அப்பாவைத் தொலைபேசியில் அழைப்பதற்காக! அப்பா நம் அண்டை நாட்டில்தான் இருந்தார், குடும்பத்துக்காகவே உழைத்தார், பிள்ளையின் மீது உயிரையே வைத்திருந்தார். பையன் ஒருமுறைகூட "போகாதே" என்றோ "வா" என்றோ சொல்லவில்லை. நல்ல பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். அந்த ஆண்டு முழுவதும் அவனைப் பாராட்டிக்கொண்டே இருந்தேன்; அவனிடம் கேட்கவேண்டியதைக் கேட்காமல் விட்டது என் பொறுப்பு.

ஊழியத்துக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பாரமும் சேர்கிறது. அப்பா பணத்துக்காகப் போனால் கோபித்துக்கொள்ளலாம். ஆண்டவருக்காகப் போனால் யாரிடம் கோபித்துக்கொள்வது? எனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அது கடவுளுக்கே எதிராகப் பேசுவதாகிவிடுமோ என்று அந்தப் பிள்ளை அஞ்சும். சபையில் எல்லாரும் தலையைத் தடவி "கொடுத்துவைத்த பிள்ளை" என்பார்கள். அதற்குப் பிறகு அது எப்படி வாய் திறக்கும்?

டாக்டர் பிராண்டின் சொந்தக் குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியவனாவேன். அவர் 1946-இல் முதலில் தனியாக வேலூருக்கு வந்தார். மனைவி மார்கரெட்டும் மருத்துவர். அவர் சிறு குழந்தைகள் இருவரோடு அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தார். வந்தவரைக் கண் மருத்துவப் பிரிவில் உதவச் சொன்னார்கள். தமக்குக் கண் மருத்துவம் தெரியாது என்று அவர் சொன்னபோது, கற்றுக்கொள்வீர்கள் என்று பதில் வந்தது. கற்றுக்கொண்டார். தொழுநோய் கண்ணைப் பறிக்கும் விதத்தையும் அதைத் தடுக்கும் வழிகளையும் அறிந்த முன்னோடிகளுள் ஒருவரானார். ஆறு பிள்ளைகள் அவர்களுக்கு. மார்கரெட்டை வெறும் டாக்டரின் மனைவியாக யாரும் பேச முடியாது. அவருக்குத் தம் கையில் தம் வேலை இருந்தது. 1966-இல் குடும்பமாக அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய், இருவரும் அதே வேலையைத் தொடர்ந்தார்கள். கேரியின் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இதில்தான் தெரிகிறது: இங்கே ஊழியம் இருவருடையது.

உங்கள் வீட்டில் ஊழியம் கணவன் மனைவி இருவருடையது என்று உங்கள் எழுத்திலிருந்தே தெரிகிறது, அதற்காக மகிழ்கிறேன். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் ஐவர். அதனால் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி, "நாங்கள் எப்படிச் சமாளிப்பது?" என்பதன்று, "எங்கள் வீட்டில் தங்குகிறவர்கள் எப்படிச் சமாளிப்பார்கள்?" என்பதே. லண்டனில் பிராண்டின் பிள்ளைகளை வளர்த்த அந்த இரு பெரியம்மாக்களைப் பற்றி யாரும் நற்செய்திக் கூட்டங்களில் பேசுவதில்லை. கொல்லிமலை ஊழியத்தின் பாதிச் சுமை லண்டனில் அந்த வீட்டில் இருந்தது. ஆயாக்கொட்டகையில் எங்களை வைத்துக்கொண்ட ஆயா ஒரு மரம்கூட வெட்டியதில்லை, ஆனால் அவர் இல்லாமல் அந்தத் தோட்டத்தில் ஒரு மங்கு (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) பாலும் ஸ்டோருக்குப் போயிருக்காது. உங்கள் மாமியார்தான் இனி அந்த ஆயா. அவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய மருந்துக்கு மாதந்தோறும் கிளினிக்குக்கு யார் அழைத்துப்போவார்? இரவில் பேரனுக்குக் காய்ச்சல் கண்டால் காரை எடுப்பது யார்? சபை உங்களுக்கு வழியனுப்பு விழா நடத்துமே, அன்றைக்கே இந்த இரண்டு வேலைகளுக்கும் பெயர் சொல்லி ஆள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள ஆளில்லாத சபைக்கு உங்களை அனுப்பும் உரிமையும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

மகளிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்காதீர்கள். அவள் ஏற்கெனவே சொன்னதைத்தான் மறுபடியும் சொல்வாள். அவளுக்குப் பிடித்த அத்தையோ ஆசிரியையோ, கம்போடியா போவதில் எந்த ஈடுபாடும் இல்லாத ஒருவர், அவளைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்கட்டும். "போகட்டுமா?" என்று கேட்க வேண்டாம். "அம்மா இல்லாத நாளில் எந்த நேரம் உனக்குக் கடினமாக இருக்கும்?" என்று கேட்கட்டும். பிள்ளைகள் அதற்குப் பதில் சொல்லிவிடுவார்கள். அதன்பின், முடிந்தால் கணவர் மட்டும் முதலில் மூன்று மாதங்கள் போய்ப் பார்க்கட்டும், டாக்டர் பிராண்ட் போனதைப் போல. அந்த மூன்று மாதங்களில் நீங்கள் வீட்டிலிருந்து மகளின் விரலைப் பாருங்கள். சாப்பாடு குறைகிறதா, தம்பியிடம் அளவுக்கு மீறி அம்மாவைப்போல் நடக்கிறாளா, கைப்பேசி ஒலிக்கும் முன்பே ஓடிவருகிறாளா என்று பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப்போக முடியுமா என்பதையும் அங்கே உள்ளவர்களிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். நீங்கள் அதைக் கேட்கவே இல்லை என்பது உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது.

இவ்வளவுக்கும் பிறகு போவதென்று முடிவானால், மனநிறைவோடு போங்கள். போகும் நாளில் இரண்டு பிள்ளைகளையும் எழுப்பிச் சொல்லிவிட்டுப் போங்கள். விமானம் விடியற்காலையில் என்றாலும் எழுப்புங்கள். திரும்பும் நாளைத் தேதியாகச் சொல்லுங்கள், "சீக்கிரம் வருவேன்" என்று சொல்லாதீர்கள்.

உங்கள் மகள் அந்த அத்தையிடம் என்ன சொன்னாள் என்பதை எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தை மட்டும் நான் காணொளியில் வாசிக்கமாட்டேன்.